கொடைரோட்டில் நின்று விரைவு ரயில் பார்ப்பது எப்படி: மலையிறங்கி வருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நீலகிரிக்காரர்களுக்கு ரயில் வீட்டு வாசலுக்கே ஏறி வந்துவிட்டது. 1899-ல் குன்னூரைத் தொட்ட மலைப்பாதை 1908-ல் ஊட்டியை அடைந்தது. பழனி மலைக்காரர்களான எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பண்ணைக்காடோ பெருமாள்மலையோ கொடைக்கானலோ, ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வளைவு வளைவாக மலையிறங்கி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை தாண்டிக் கொடைரோட்டுக்கு வந்தாக வேண்டும். ஆனால் இறங்கி வந்தவனுக்குக் கிடைப்பது பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் சிறு வண்டி அல்ல. சென்னையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் இரட்டை மின்பாதை. அதில் வந்தே பாரத், தேஜஸ், வைகை, பாண்டியன் என்று நாள் முழுக்க ஓட்டம்.

வந்தே பாரத் கொடைரோட்டில் நிற்பதில்லை. நம் கண் முன்னே அது இருப்பது ஏறத்தாழ பதினான்கு வினாடி. அதற்காக இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வருவதா என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். முதல் முறை என் அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, ஹாரன் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கைப்பேசியை எடுத்து நீட்டினேன். வண்டி போய்விட்டது. "மாமா, எத்தனை பெட்டி?" என்று பையன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. என்ன நிறம், முன்கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள், எதுவும் தெரியவில்லை. உள்ளங்கை அளவுத் திரையில் ஏதோ ஒன்று குறுக்கே ஓடியதைத்தான் நான் பார்த்திருந்தேன். அன்றைக்கு மாலை மலையேறும்போது எனக்குப் புரிந்தது இதுதான்: வேக ரயிலைப் பார்ப்பது என்பது அது வருவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைப் படிப்பது. சிக்னல், கம்பி, கொடி, பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்கும் வண்டி இவையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பதினான்கு வினாடி தாராளம். இந்த வழிகாட்டி அந்தப் பத்து நிமிடத்துக்கானது.

முதல் படி: இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பலகையில் 'கொடைக்கானல் ரோடு' என்றிருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் கொடைரோடு. நிலையம் இருக்கும் ஊர் அம்மையநாயக்கனூர். திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-ல் பாதை போட்ட நாளிலிருந்து, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் இதுவே. மோட்டார் சாலை வருவதற்கு முன் இங்கிருந்து மாட்டு வண்டி கட்டி மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏறியிருக்கிறார்கள். மீட்டர் பாதையாக இருந்தது 1990களின் இறுதியில் அகலப் பாதையானது. மின்கம்பி அதற்குப் பிறகு வந்தது.

இடத்தின் அமைப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். பாதை ஏறத்தாழ வடக்கு தெற்காகப் போகிறது. வடக்கே அம்பாத்துரை, திண்டுக்கல். தெற்கே வாடிப்பட்டி, சோழவந்தான், மதுரை. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலை. இரண்டு மலைகளுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில்தான் ரயில் நுழைந்து வருகிறது. இந்தியாவில் இரட்டைப் பாதையில் ரயில்கள் இடப்பக்கம் ஓடும். ஆகவே திண்டுக்கல்லை நோக்கிப் போகிற வண்டி மேற்குப் பாதையில் வரும். மதுரையை நோக்கிப் போகிறது கிழக்குப் பாதையில் வரும். இந்த ஒரே விஷயம் பிறகு எல்லாவற்றுக்கும் உதவும்.

எந்த நிலையத்தில் நிற்பது? புதிதாக வருபவர்கள் கொடைரோட்டிலேயே நில்லுங்கள். தண்ணீர், நிழல், பெஞ்சு, விசாரிக்க ஆள், திரும்பப் பஸ் எல்லாம் உண்டு. அம்பாத்துரைப் பக்கம் பாதை மலைச்சரிவை ஒட்டி வளையும்; வண்டி உடம்பை வளைத்து வருவதைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அது நல்ல இடம், ஆனால் பழகிய பிறகு போகலாம். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த சமவெளி. அழகுதான். ஆனால் பின்னணியில் மலை இல்லாமல் ரயில் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

வேக வண்டிகள் இந்தப் பாதைக்கு வந்தது அண்மையில்தான். தேஜஸ் 2019 மார்ச் 1 அன்று தொடங்கியது. சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24. சென்னை–நாகர்கோவில், மதுரை–பெங்களூரு வந்தே பாரத்துகள் இரண்டும் 2024 ஆகஸ்ட் 31. அதற்கு முன் இந்தப் பாதையின் வேகத்துக்குப் பெயர் வைகை எக்ஸ்பிரஸ்தான். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கியது; இன்றும் கொடைரோட்டில் நின்று போகிறது. பெரியவர்கள் இன்றும் அந்தப் பெயரைத் தனி மரியாதையோடு சொல்வார்கள்.

பகலில் வரும் வண்டிகளின் நேரம் ஏறத்தாழ இப்படி இருக்கும். காலை ஏழேகாலை ஒட்டி வைகை சென்னைக்குப் போகும். எட்டேகாலுக்கும் எட்டரைக்கும் இடையில் நெல்லையிலிருந்து சென்னை போகும் வந்தே பாரத். பத்து மணியை ஒட்டி நாகர்கோவில் போகும் வந்தே பாரத். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் மதுரை போகும் தேஜஸ். பிற்பகல் மூன்றரை வாக்கில் அதே தேஜஸ் சென்னைக்குத் திரும்பும். மாலை ஐந்தரை வாக்கில் நாகர்கோவில் வந்தே பாரத் சென்னைக்குத் திரும்பும். பெங்களூரு வண்டி விடியற்காலையிலும் இரவிலும் போவதால் நமக்கு ஆகாது. நெல்லை வந்தே பாரத் திரும்பி வருவதும் இருட்டிய பிறகுதான்.

இந்த நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பாதீர்கள். கால அட்டவணை மாறும். வந்தே பாரத், தேஜஸ் வண்டிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. முந்தைய இரவு, வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது 139-ஐ அழைத்துக் கேளுங்கள். மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது இன்னொரு முறை பாருங்கள். மலைப்பாதையில் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. ஆகவே வத்தலக்குண்டு இறங்கியதும் பார்ப்பது நல்லது.

மலையிலிருந்து அதே நாளில் வருபவர்கள் எட்டரை வண்டிக்கு ஆசைப்பட வேண்டாம். பத்து மணி வண்டியிலிருந்து மூன்றரை வரை வைத்துக்கொள்ளுங்கள், நிறைவான நாள். எட்டரை வண்டிதான் வேண்டும் என்றால் முந்தைய நாளே கீழே வந்து உறவினர் வீட்டில் தங்கிவிடுவதே வழி.

மாதம்? அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழை விட்ட மறுநாள் சிறுமலையும் பழனி மலையும் கழுவிவிட்டது போலத் தெரியும். ஜனவரி, பிப்ரவரி காலையும் நல்லது. ஏப்ரல், மே வெயிலில் மலைக்காரர்களால் கொடைரோட்டுப் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. முயன்றவன் என்பதால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பையில் என்ன வேண்டும்

நிறைய வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு நோட்டு, கறுப்பு மையில் எழுதும் பேனா, வினாடி காட்டும் கடிகாரம். பைனாகுலர் இருந்தால் தூரத்துச் சிக்னலைப் பார்க்க உதவும். குடை கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் நடைமேம்பாலத்தின் மேல் அதை உயர்த்திப் பிடிக்காதீர்கள். தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். தொட்டால்தான் ஆபத்து என்றில்லை. அருகே போனாலே பாயும். மூங்கில் கழி, செல்ஃபி எடுக்கும் நீண்ட குச்சி, பட்டம், எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

நிலையத்துக்குள் நுழையப் பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். இரண்டு மணி நேரம்தான் செல்லும். நேரம் முடிந்தால் இன்னொன்று எடுங்கள். உள்ளே போனதும் பணியில் இருக்கும் நிலைய அதிகாரியிடம், "சார், ரயில் பார்க்க வந்திருக்கிறோம், ஓரமாக உட்கார்ந்திருப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படம் எடுக்க நினைத்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சொல்லிவிட்டால் நாள் முழுக்க நிம்மதி. சொல்லாமல் நின்றால், இரண்டு பேர் வந்து இரண்டு முறை விசாரிப்பார்கள். அதற்குள் வண்டி போய்விடும்.

நான்காம் படி: எங்கே நிற்பது

இந்த ஒன்றில் மட்டும் தளர்வே கூடாது.

தண்டவாளத்தின் மேல் நடப்பதும், குறுக்கே கடப்பதும், ஜல்லி மேட்டில் நிற்பதும் குற்றம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டத்தை விடப் பெரிய காரணம் வேகம். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. முந்நூறு மீட்டர் தூரத்தில் வளைவில் தலை காட்டும் வண்டி, நீங்கள் பதினொன்று எண்ணுவதற்குள் உங்கள் இடத்தில் இருக்கும்.

மின் ரயில் பழைய டீசல் எஞ்சினைப் போலத் தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வருவதில்லை. வந்தே பாரத்தில் முன்னால் இழுக்கும் எஞ்சினே கிடையாது. மோட்டார்கள் பல பெட்டிகளுக்கு அடியில் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கின்றன. எதிர்க்காற்று அடித்தால் வண்டி பக்கத்தில் வரும்வரை காதுக்கு எட்டாது. இதை விடக் கொடியது, இரட்டைப் பாதையில் ஒரு வண்டியின் சத்தத்தில் இன்னொரு வண்டி மறைந்துகொள்வது. சரக்கு ரயில் ஒன்று முன்னால் கடகடவென்று போய்க்கொண்டிருக்கும். அது முடிந்ததும் கடந்துவிடலாம் என்று ஒருவர் காத்திருப்பார். அதன் வால் தாண்டிய அதே நேரத்தில் அடுத்த பாதையில் எதிர்த்திசை வண்டி வரும். ரயில் பார்க்க வந்தவர் ஒருநாளும் அந்த ஒருவராக இருக்கக் கூடாது.

ஆகவே பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு மூன்று அடி பின்னால் உங்கள் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருந்தால் பெஞ்சில் உட்கார வையுங்கள். நிற்காமல் போகும் வண்டி வரும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுப்பது போல இருக்கும். தோளில் தொங்கும் துண்டும் தரையில் கிடக்கும் காகிதமும் பறந்து போவதைப் பார்த்தாலே தெரியும்.

எந்தப் பக்கம்? காலையில் கிழக்குப் பக்கப் பிளாட்பாரம். சூரியன் சிறுமலைக்கு மேலே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே பழனி மலை முழுக்க வெளிச்சம். சென்னைக்குப் போகும் வண்டி தூரத்துப் பாதையில், மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு, தலை முதல் வால் வரை தெரியும்படி போகும். கிட்டத்தில் வரும் வண்டியை விட ஒரு பாதை தள்ளி வரும் வண்டியைத்தான் முழுதாகப் பார்க்க முடிகிறது. கிட்டே வந்தால் சுவர் ஒன்று ஓடுவது போல்தான் இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நடைமேம்பாலம் வழியாக மேற்குப் பக்கம் மாறிவிடுங்கள். அப்போது சிறுமலை வெளிச்சத்தில் இருக்கும், மதுரைப் பக்கம் போகும் வண்டி உங்களுக்குத் தூரத்துப் பாதையில் வரும்.

ஐந்தாம் படி: வண்டி வருவதற்கு முன் பாதையைப் படிப்பது

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாட்பாரத்தின் கோடியில், வண்டி புறப்பட்டுப் போகும் திசையில் ஒரு சிக்னல் கம்பம் இருக்கும். நிற்கும் வண்டிக்கு, பயணிகள் ஏறி இறங்கி, புறப்படும் நேரம் நெருங்கிய பிறகே அது பெரும்பாலும் சிவப்பிலிருந்து மாறும். நிற்காத வண்டிக்கு, வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே பச்சை எரியும். நேர்ப் பாதைக்குரிய சிக்னல் பச்சையாகிறது, பிளாட்பாரத்தில் ஏறுவதற்கு ஆள் கூட்டமும் இல்லை என்றால், நிற்காத வண்டி வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பைனாகுலர் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பச்சை என்றால் முழு வேகம், இரட்டை மஞ்சள் என்றால் கவனம், ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு, சிவப்பு என்றால் நில்.

இரண்டாவது குறி, ஒதுங்கி நிற்கும் வண்டி. சரக்கு ரயிலோ பாசஞ்சரோ நேர்ப் பாதையை விட்டு விலகி லூப் லைன் என்னும் பக்கப் பாதையில் நுழைந்து நின்றுவிட்டால், பின்னால் வருவது யார் என்று கேளுங்கள். பெரியவருக்கு வழிவிடுவது போலத்தான் அது. பாசஞ்சரில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நாம் நோட்டைத் திறக்க வேண்டிய நேரம் அது.

மூன்றாவது, கேட். நிலையத்துக்கு அருகில் லெவல் கிராசிங் கேட் இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். எனவே சாலையில் வாகனங்கள் வரிசை கட்டுவதே வண்டி வரும் செய்தி.

நான்காவது, கொடி. நிற்காத வண்டி வரும்போது நிலைய ஊழியர் வெளியே வந்து பச்சைக் கொடியோடு நிற்பார். பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் நிற்பார். வண்டி ஓட்டுபவர் பதிலுக்குக் கொடி அசைப்பார்; கடைசியில் ரயில் மேலாளரும். கார்டு என்றுதான் நாமெல்லாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இரண்டு பக்கமும் ஆள் நிற்பது வேடிக்கைக்கு அல்ல: எங்காவது அச்சில் புகை வருகிறதா, கதவு தொங்குகிறதா, ஏதாவது இழுபடுகிறதா என்று ஓடும் வண்டியையே பரிசோதிக்கிறார்கள். ஒருமுறை, வைகை கிளம்பிப் போன பிறகும் கொடியைச் சுருட்டாமல் வாலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஊழியரிடம், "இன்னும் என்ன அண்ணா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "கடைசிப் பெட்டி போனதைப் பார்த்தால்தான் தம்பி வண்டி முழுதாகப் போனது என்று அர்த்தம்" என்றார். எஞ்சின் இழுக்கும் வண்டிகளின் கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறியும் சிவப்பு விளக்கும் இருக்கும். அது தெரியாவிட்டால் நடுவில் ஏதோ பெட்டி கழன்று பின்னால் நின்றுவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றிலிருந்து நானும் வண்டியின் வால் மறையும்வரை உட்காருவதில்லை.

ஐந்தாவது, கம்பி. அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி தண்டவாளத்துக்கு நேர்மேலே ஒரே கோடாகப் போவதில்லை என்பது தெரியும். ஒரு கம்பத்தில் சற்று இடப்பக்கம், அடுத்த கம்பத்தில் சற்று வலப்பக்கம் என்று வளைந்து வளைந்து போகும். வண்டிக் கூரையின் மேலே கம்பியைத் தொட்டு மின்சாரம் வாங்கும் கரித்தகடு ஒரே இடத்தில் தேயாமல் இருக்க இந்த ஏற்பாடு. வண்டி வருவதற்குச் சற்று முன் இந்தக் கம்பி லேசாக நடுங்கத் தொடங்கும். அமைதியான காலையில் 'சிர்' என்ற மெல்லிய ஒலியும் கேட்கும். பனி படிந்த ஜனவரிக் காலையில் தகடு உரசும் இடத்தில் நீலப் பொறி பறக்கும். தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்கும் பழைய பழக்கத்தை யாரும் செய்ய வேண்டாம், கம்பியே சொல்லிவிடும்.

ஆறாம் படி: அந்தப் பதினான்கு வினாடி

கைப்பேசியை முதல் மூன்று முறை சட்டைப்பையிலேயே வையுங்கள். கண்ணுக்கு ஒரு வரிசை கொடுங்கள்.

முதலில் முகம். வந்தே பாரத்தின் கூர்மூக்கும் விளக்கும் வெயில் அலையில் நடுங்கித் தெரியும். தூரத்தில் நிற்பது போலவே இருந்து திடீரென்று பெரிதாகும். அடுத்து கூரை: எந்தெந்தப் பெட்டியின் மேல் மின்சாரம் வாங்கும் கரம் உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது சக்கரம். பெட்டியின் அடிப்பாகத்தைப் பாவாடை போல மூடியிருந்தாலும் சக்கரச் சட்டம் தெரியும். பெட்டி மிதப்பது போலவும் சக்கரம் மட்டும் உழைப்பது போலவும் தோன்றும். நான்காவது பெட்டிகளை எண்ணுதல். ஜன்னலை எண்ணாதீர்கள், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே வரும் கறுப்பு மடிப்பை எண்ணி, கடைசியில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். நெல்லை வண்டி 8 பெட்டியோடு தொடங்கி 2025 ஜனவரியில் 16 ஆனது, அதே ஆண்டு செப்டம்பரில் 20 ஆனது, ஆகவே பழைய எண்ணிக்கையை நம்பாமல் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். கடைசியில் வால்.

என் அக்காள் மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். கண்ணை எதிரே இருக்கும் ஒரே கம்பத்தில் நிறுத்திவிடுவான். வண்டி அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது மடிப்புகள் தானாக எண்ணிக்கையில் விழும். வண்டியோடு சேர்த்துத் தலையைத் திருப்பினால் எண்ண முடியாது. செய்து பாருங்கள், அவன் சொல்வது சரி.

ஏழாம் படி: வேகத்தைக் கணக்கிடுவது

கருவி எதுவும் வேண்டாம். வந்தே பாரத் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர். பதினாறு பெட்டி என்றால் 384 மீட்டர். மூக்கு உங்கள் கம்பத்தைத் தொட்ட கணத்திலிருந்து வால் அதைத் தாண்டும் கணம் வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். 14 வினாடி என்றால் 384-ஐ 14-ஆல் வகுக்க 27.4, அதை 3.6-ஆல் பெருக்க ஏறத்தாழ 99. மணிக்கு 99 கிலோமீட்டர். 16 வினாடி என்றால் 86. ஒரு வினாடித் தவறு பத்து கிலோமீட்டர் வரை பிழை தரும் என்பதால் ஒருவர் எண்ணவும் ஒருவர் நேரம் பார்க்கவும் வையுங்கள்.

சிவப்பும் சாம்பலும் பூசிய, எல்.எச்.பி. எனப்படும் புது ரகப் பெட்டிகளும் ஏறத்தாழ 24 மீட்டர்தான். ஐ.சி.எஃப். எனப்படும் பழைய ரக நீலநிறப் பெட்டி 22 மீட்டர் சொச்சம். மின்சார எஞ்சினுக்கு 20 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 22 எல்.எச்.பி. பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் 548 மீட்டர்.

வந்தே பாரத்தின் வடிவமைப்பு வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர், ஓட அனுமதிக்கப்பட்ட உச்சம் 160. அந்த வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வண்டியால் முடிவதை விடப் பாதை அனுமதிப்பது குறைவு. வளைவு, பாலம், நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. அதனால்தான் உங்கள் நோட்டில் உள்ள எண் மதிப்புள்ளதாகிறது: விளம்பரத்தில் சொல்லும் வேகம் அல்ல, இந்த இடத்தில், இந்த நாளில், உங்கள் கண் முன்னே அது ஓடிய வேகம்.

எட்டாம் படி: எண்களைப் படிப்பது

வைகை, பாண்டியன் போன்ற வண்டிகள் நிற்கும்போது எஞ்சினைப் பக்கத்திலிருந்து பார்க்க நேரம் கிடைக்கும். முகப்பில் டபிள்யூ.ஏ.பி.-7 என்று இருந்தால், முதல் எழுத்து அகலப் பாதையைக் குறிக்கும், இரண்டாவது மாறுமின்சாரம், மூன்றாவது பயணிகள் வண்டி, கடைசி எண் ரகம். மூன்றாவது எழுத்து ஜி என்றால் சரக்கு வண்டிக்கானது. டபிள்யூ.ஏ.பி.-7 ஆறாயிரம் குதிரைத் திறனுக்கு மேல் கொண்டது. புறப்படும்போது அடியிலிருந்து ஒரு ஊதல் ஒலி தாழத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அடையாளம் சொல்லிவிடலாம். பக்கவாட்டில் ஐந்து இலக்க எண்ணும் எஞ்சினைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயரும் எழுதியிருக்கும்: ராயபுரம், ஈரோடு என்று. ஒரே எஞ்சின் எண்ணை மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கும்போது தெரிந்தவரைச் சந்தையில் பார்த்தது போல இருக்கும்.

பெட்டியின் பக்கத்தில் இருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட ஆண்டு. 19 என்று தொடங்கினால் 2019. வந்தே பாரத் பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவானவை; முதல் வண்டி 2019 பிப்ரவரி 15 அன்று டெல்லி–வாரணாசி இடையே தொடங்கப்பட்டது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் செய்து வடக்கே போன வண்டி என்று கேட்கும்போது அவர்கள் முகம் மாறும்.

நோட்டில் ஒரு வண்டிக்கு ஒரு வரி: நேரம், வண்டி எண், எந்தப் பாதை, எஞ்சின் எண், பெட்டி எண்ணிக்கை, வினாடி, காற்று எப்பக்கம். வண்டியின் ஓசை அடங்குவதற்குள் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எழுதினால் பெட்டி எண்ணிக்கையில் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு நாள்: பழனிப் பாதை

கொடைரோடு பழகிவிட்டால், மலையின் வடக்குப் பக்கம் ஒரு நாள் போங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் பாதை. இதுவும் மின்பாதைதான். ஆனால் ஒற்றைப் பாதை, வண்டிகளும் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் பழனி நிலையத்துப் பிளாட்பாரத்தில் நின்றால் முருகன் மலையும் இடும்பன் மலையும் அதற்குப் பின்னே பெரிய மலைச்சுவரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். எதிரெதிர் வண்டிகள் ஒரே நிலையத்தில் சந்தித்து, ஒன்று காத்திருந்து ஒன்று போகும் காட்சி இரட்டைப் பாதையில் கிடைக்காது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்; அப்போது பிளாட்பாரத்தில் இடம் வேண்டியது பக்தர்களுக்கு.

திரும்பும் நேரம்

மலையேற வேண்டியவர்கள் மாலை வந்தே பாரத்துக்காகக் காத்திருப்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அது தாமதமானால் வத்தலக்குண்டிலிருந்து மேலே போகும் பஸ் தவறிவிடும். பண்ணைக்காடு போன்ற ஊர்களுக்கு அந்த நேரத்தில் பஸ் குறைவு. நான் வைத்திருக்கும் விதி: செயலியில் வண்டி இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று காட்டினால் எழுந்துவிடுவேன். போகும் வழியில் பழக்கடையில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொள்வேன். சென்ற மாதம் அப்படி எழுந்து நிலைய வாசலுக்கு வந்தபோது, வடக்கே போகும் பாதையின் சிக்னல் பச்சையானதைப் பையன் பார்த்துவிட்டான். ஓடவில்லை, ஓடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். அரை இருட்டில், உள்ளே விளக்கு எரியும் ஜன்னல்கள் கோடாக ஓடின. "பதினாறு மாமா, பதினைந்தரை வினாடி" என்றான். நோட்டை வாசல் திண்ணையில் வைத்து அவனே எழுதினான். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.